தோராவை (மோசேயின் ஐந்து ஆகமங்களை) எழுதியவர் யார் என்ற விவாதத்தில் இறங்குவதற்கு முன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

எபிரேய வேதத்தை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், அதில் உள்ளவற்றை எந்த அளவுக்கு வரலாறாக ஏற்கலாம் என்ற விவாதத்தில் நான் முதன்முதலாக வாய்திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில். "மோசேயின் ஐந்து ஆகமங்களும் நான்கு வெவ்வேறு மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்று நிரூபணமாகிவிட்டது" என்று சொன்னேன். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் தம் மடியிலிருந்த வேதாகமத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, அது எந்த வசனத்தில் தெரிகிறது என்று எடுத்துக் காட்டுங்கள், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. ஆனாலும் என்னால் ஒரு வசனத்தைக்கூடக் காட்ட முடியவில்லை.

அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. அதில் பெரும்பகுதி, தவறான வரிசையில் படித்ததால் வீணான காலம். கீழே உள்ள வரிசைப்படி சென்றால், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு 6 மாதம் போதும். நீங்கள் நம்பிக்கையாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வேலை ஒன்றுதான்.

1. கேள்வியை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று வரிகள் எழுதுங்கள். முதலாவது, இந்த நூலை எழுதியவர் யார், எந்தக் காலத்தில் எழுதினார்? இரண்டாவது, எழுதப்பட்ட பாடம் நம் கைக்கு மாறாமல் வந்திருக்கிறதா? மூன்றாவது, அதில் சொல்லப்பட்ட நிகழ்ச்சி நடந்ததா? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான சான்று மற்றொன்றுக்குச் செல்லாது. நான் கேட்ட விவாதங்களில் பாதிக்கு மேல், இந்த மூன்றையும் கலந்து பேசியதால்தான் முடிவில்லாமல் போயின.

இந்தக் கலப்புக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் ஏசாயாவின் பெருஞ்சுருள். சாக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த இந்தத் தோல் சுருள் 7 மீட்டருக்கு மேல் நீளமானது, கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, எபிரேய வேதம் முழுவதையும் கொண்ட மிகப் பழைய கைப்பிரதியான லெனின்கிராட் சுவடிக்கு (கி.பி. 1008) ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் முந்தியது. ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள், யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த சிறையிருப்புக் காலத்தில் வாழ்ந்த வேறொருவர் எழுதியவை என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. 45-ஆம் அதிகாரத்தில், கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக அரசன் கோரேசின் பெயரே வருவது அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று. இதை மறுப்பவர்கள் சுருளைக் காட்டி, "40-ஆம் அதிகாரம் 32-ஆம் பத்தியின் (நெடுவரிசையின்) கடைசி வரியில் எந்தப் பிரிவும் இல்லாமல் தொடங்குகிறது, ஆகவே எழுதியவர் ஒருவரே" என்பார்கள். பத்தியைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மைதான். நானே படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுருள், சிறையிருப்புக் காலத்துக்கும் 400 ஆண்டுகள் பிந்தியது. இரண்டு பகுதிகளும் அதற்குள் ஒரே நூலாகிவிட்டன என்பதை மட்டுமே அது காட்டும். இரண்டாவது கேள்விக்கு மிக அருமையான சான்று அது. முதல் கேள்வியில் அது வாய் திறப்பதில்லை.

2. ஆவணங்களைச் சேருங்கள், பணத்தைச் செலவழிக்காதீர்கள்

தொடக்கத்துக்கு வேண்டியவை ஐந்து. ஒன்று, பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம். இரண்டு, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். மூன்று, எபிரேய மூலம். செஃபாரியா என்ற இணையதளத்தில் எபிரேயமும் யூதர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்துப் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க ஆக்கமான எழுபதின்மர் மொழிபெயர்ப்பின் ஆங்கில வடிவம்; இதுவும் இணையத்தில் இலவசம். ஐந்து, சாக்கடல் சுருள்களின் படங்கள். இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் 2012-இல் திறந்த லியோன் லெவி மின்னூலகத்திலும், இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தளத்திலும் எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இவற்றில் நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியவை முதல் இரண்டு மட்டுமே. நான் முதல் ஆண்டில் 11,400 ரூபாய் செலவழித்தேன். அதில் உருப்படியாகப் பயன்பட்டது 2,000 ரூபாய்க்கும் குறைவு. 100 ஆண்டுக்கு முந்தைய, காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்களின் மங்கலான மறுபதிப்புகளை வாங்கியதுதான் பெரிய வீண்செலவு. அவை எல்லாம் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாக இருப்பது பிறகே தெரிந்தது. அறிமுக விரிவுரை வேண்டுமானால், யேல் பல்கலைக்கழகம் பேராசிரியர் கிறிஸ்டின் ஹேஸ் நடத்திய 24 விரிவுரைகளைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு கேட்டால் 3 மாதத்தில் முடியும்.

இங்கே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் நூல்களின் பெயர்கள் வேறு. ஆதியாகமம் ஒன்றில், தொடக்கநூல் மற்றதில். உபாகமம் ஒன்றில், இணைச் சட்டம் மற்றதில். யூதர்களின் எண்ணிக்கையில் தனாக் (எபிரேய வேதம்) 24 நூல்கள். அதே பாடம்தான் புரொட்டஸ்தாந்துப் பழைய ஏற்பாட்டில் 39 நூல்களாகப் பிரிந்திருக்கிறது. வசன எண்களும் சில இடங்களில் மாறும்: மல்கியா எபிரேயத்தில் 3 அதிகாரம், நம்மிடம் 4, யோவேல் எபிரேயத்தில் 4, நம்மிடம் 3. ஆங்கில ஆய்வு நூலில் சொல்லப்பட்ட வசனம் கண்ணில் படவில்லை என்றால், ஆசிரியர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டாமல் முன்னும் பின்னும் சில வசனங்களைத் தேடுங்கள். இது தெரியாமல் நான் ஒரு முழு மாலையை இழந்தேன்.

3. எபிரேய எழுத்துகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

22 எழுத்துகள், நாளுக்கு அரை மணி நேரம் வீதம் 2 வாரம். இலக்கணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு கடவுளுக்குரிய இரண்டு பெயர்களை, அதாவது யோத்-ஹே-வாவ்-ஹே என்ற நான்கெழுத்துப் பெயரையும் 'எலோஹீம்' என்ற சொல்லையும், பக்கத்தில் கண்டதும் அடையாளம் காண முடிந்தால் போதும். மூன்றே மாதத்தில் மூலமொழியில் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்யும் கட்டண வகுப்புகளில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். நான் சேர்ந்த ஒன்றில் மூன்று மாதமும் எழுத்துப் பயிற்சியிலேயே கழிந்தது. கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை.

4. ஒரே ஒரு பகுதியை எடுத்து வண்ணப் பென்சிலால் பிரியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் கொடுங்கள். ஐந்து ஆகமங்களின் 187 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் பிரிக்க முயல வேண்டாம். ஆதியாகமம் 6 முதல் 9 வரையுள்ள வெள்ளக் கதையை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதற்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. எபிரேயத்தில் 'எலோஹீம்' வரும் இடத்தில் 'தேவன்' என்றும், நான்கெழுத்துப் பெயர் வரும் இடத்தில் 'கர்த்தர்' என்றும் பிரித்தே எழுதியிருக்கிறது. திருவிவிலியத்தில் இவை 'கடவுள்', 'ஆண்டவர்' என்று வரும். ஆகவே எபிரேயம் தெரியாத தமிழ் வாசகரும் இந்த வேறுபாட்டைத் தம் வீட்டு வேதாகமத்திலேயே பார்க்கலாம். 'தேவன்' வரும் பகுதிக்கு நீலம், 'கர்த்தர்' வரும் பகுதிக்குச் சிவப்பு என்று கோடிடுங்கள்.

கோடிட்டு முடித்ததும் நீல வரிகளை மட்டும் வாசியுங்கள்; பிறகு சிவப்பு வரிகளை மட்டும். 6:19-இல், நீலத்தில், ஒவ்வோர் உயிரிலும் ஒரு ஜோடி. 7:2-இல், சிவப்பில், சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு. 7:4-இல் மழை 40 நாள் என்று கர்த்தர் சொல்கிறார்; 7:24-இல் ஜலம் 150 நாள் பூமியின்மேல் நிற்கிறது. வெள்ளம் வடிந்தபின் 8:20-இல் நோவா கர்த்தருக்குப் பலியிடுகிறான். சுத்தமான மிருகங்களில் ஒரே ஒரு ஜோடி இருந்திருந்தால் அந்தப் பலியோடு அந்த இனமே அழிந்திருக்கும். ஏழு ஏழாக ஏற்றிய கதையில்தான் பலிக்கு இடமுண்டு. 9-ஆம் அதிகாரத்தில் வில்லை அடையாளமாக வைத்து உடன்படிக்கை செய்பவர் தேவன். அங்கே பலியே இல்லை. நான் இதைச் செய்து முடித்த இரவில், மூலப் பிரிப்பைப் பற்றி அதுவரை படித்த அனைத்தையும்விட அந்த நான்கு தாள்களிலிருந்து கற்றது அதிகம் என்று உணர்ந்தேன்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 7:16-ஐ எடுங்கள்: முதல் பாதியில் தேவன் கட்டளையிட்டபடி உயிர்கள் உள்ளே போகின்றன, அடுத்த பாதியில் கர்த்தர் கதவை அடைக்கிறார். ஒரே வசனத்தில் இரண்டு வண்ணமும். 7:8-9-இல் சுத்தமானவை, சுத்தமல்லாதவை என்ற சிவப்புப் பகுப்பு, 'தேவன்' என்ற நீலப் பெயரோடு வருகிறது. இங்கெல்லாம் தொகுத்தவரின் கை தெரிகிறது என்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார், பெயர் மாறுவது பொருளை ஒட்டியது என்பார்கள்: உலகம் முழுவதையும் படைத்தவராகப் பேசும்போது எலோஹீம், மனிதரோடு நெருங்கி உறவாடும்போது நான்கெழுத்துப் பெயர் என்று உம்பெர்த்தோ கசூட்டோ வாதிட்டார். கார்டன் வென்ஹாம் 1978-இல், கதையின் நாள் எண்ணிக்கை முதலியவை முன்பாதியில் ஏறி, 8:1-இல் தேவன் நோவாவை நினைவுகூர்ந்தபின் தலைகீழ் வரிசையில் இறங்குவதைக் காட்டி, இப்படி நெய்யப்பட்ட கதையைத் துண்டாக்குவது சரியா என்று கேட்டார். இந்த இரண்டு வாசிப்புகளையும் உங்கள் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை நீங்களே எழுத முடியாத வரை வாய்திறக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

இன்னோர் எச்சரிக்கை: ஜெர்மன் ஆய்வாளர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1878-இல் வகுத்த நான்கு மூல ஆவணங்கள் என்ற வரைபடத்தை இன்றைய ஆய்வின் முடிவாக மேற்கோள் காட்டாதீர்கள். 1970-களுக்குப் பிறகு ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் அதைக் கைவிட்டு வேறு வகையான தொகுப்பு முறைகளை முன்வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்திக் காப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகமங்கள் பல கைகளைக் கடந்து வந்தவை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். எத்தனை கை, எந்தக் காலம் என்பதில் உடன்பாடு இல்லை.

5. பாடபேதத்தை ஒரு வசனத்தில் நேரில் பாருங்கள்

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பக்கத்தின் அடியில் தரும் பாடபேதங்களைப் பார்த்திருக்கும் தமிழ் வாசகருக்கு இந்தப் படி எளிது. 1 சாமுவேல் 17:4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படையான, யூத மரபு காத்துவந்த எபிரேயப் பாடமான மசோரெத் பாடத்தில் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறத்தாழ 2.9 மீட்டர். எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் நான்கு முழமும் ஒரு சாணும். அதாவது சுமார் 2 மீட்டர். கும்ரானின் 4-ஆம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளும் நான்கு முழம் என்கிறது, கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புசும் நான்கு என்கிறார். இப்போது 2 சாமுவேல் 21:19-க்குப் போங்கள். எபிரேயத்தில் கோலியாத்தைக் கொன்றவன் பெத்லெகேமைச் சேர்ந்த எல்க்கானான். 1 நாளாகமம் 20:5-இல் அதே எல்க்கானான் கொல்வது கோலியாத்தின் சகோதரனை. ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, சாமுவேலிலும் 'சகோதரன்' என்ற சொல்லைத் தானே சேர்த்துக்கொண்டது. மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இருப்பதே தெரியாது. இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் செஃபாரியாவையும் அருகருகே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதிலிருந்து "எல்லாம் மாற்றப்பட்டது" என்று தாவிவிடாதீர்கள். ஏசாயாவின் பெருஞ்சுருளை மசோரெத் பாடத்தோடு ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஏராளம். ஆனால் நூல் அதே நூல்தான். மறுபுறம், எரேமியா நூலின் கிரேக்க வடிவம் எபிரேயத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறுகிய வடிவத்தை ஒத்த எபிரேயத் துண்டும் கும்ரானில் கிடைத்திருக்கிறது. ஆக, நூலுக்கு நூல் நிலை வேறு. வேதம் முழுவதற்கும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவரிடம், எந்த நூலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

6. கல்வெட்டுகளை அவை சொல்லும் அளவுக்கே பயன்படுத்துங்கள்

இதற்கு 3 வாரம் போதும். கி.மு. 1208-ஐ ஒட்டிய எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்லில் 'இஸ்ரவேல்' என்ற பெயர் இருக்கிறது. 1868-இல் கிடைத்த மேசா கல்வெட்டில் மோவாப் அரசன் தன் பக்கத்திலிருந்து இஸ்ரவேலைப் பற்றிப் பேசுகிறான். 1993-94-இல் வட இஸ்ரேலிலுள்ள தேல் தானில் கிடைத்த கி.மு. 9-ஆம் நூற்றாண்டுக் கல்லில் 'தாவீதின் வீடு' என்ற தொடரை ஆய்வாளர்கள் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். தாவீது பெயரில் ஓர் அரச மரபு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று. அவன் ஆண்ட நாட்டின் பரப்புக்குச் சான்று ஆகாது.

நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டிய உதாரணம் கி.மு. 701. அசீரிய அரசன் சனகெரிப் தன் களிமண் பட்டகத்தில் யூதாவின் அரசன் எசேக்கியாவின் 46 அரண் நகரங்களைப் பிடித்ததாகவும், அவனை எருசலேமில் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் எழுதியிருக்கிறான். கப்பம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி. 2 இராஜாக்கள் 18:14-இல் 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன்னின் எண் அப்படியே பொருந்துகிறது. நகரம் விழுந்ததாக அசீரியனும் சொல்லவில்லை. ஆனால் ஒரே இரவில் 1,85,000 பேர் மாண்டதாக 19:35 சொல்வதைப் பற்றி அந்தப் பட்டகத்தில் ஒரு சொல்லும் இல்லை. முற்றுகைக்கும் கப்பத்துக்கும் கிடைத்த சான்றை அந்த இரவுக்கும் நீட்டுவது பிழை. அந்த இரவுக்குச் சான்றில்லை என்பதால் முற்றுகையையே கட்டுக்கதை என்பதும் பிழை.

தமிழர்கள் விழும் பள்ளம் ஒன்றும் இங்கே இருக்கிறது. 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கிய்யீம்' வருகிறது. மயில் என்று மொழிபெயர்க்கப்படும் இச்சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கருத்து. எகிப்தியச் சொல்லிலிருந்து வந்தது, குரங்கைக் குறிப்பது என்ற எதிர்க்கருத்தும் உண்டு. தோகை என்றே கொண்டாலும், அந்த வசனம் எழுதப்படும் முன் அச்சொல் எபிரேயத்தை எட்டியிருந்தது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. சாலொமோன் காலத்திலேயே தமிழ் நாட்டோடு வணிகம் நடந்தது நிரூபணம் என்று மேடையில் சொல்வதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். தமிழ் மீதுள்ள அன்பால் சொன்னாலும், சான்றின் அளவு கூடிவிடாது.

விலைக்கு வரும் சுருள் துண்டுகளை நம்ப வேண்டாம். வாஷிங்டனில் உள்ள வேதாகம அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 16 சாக்கடல் சுருள் துண்டுகளும் போலி என்று 2020 மார்ச்சில் தானே அறிவித்தது. எந்தத் துண்டையும் மேற்கோள் காட்டுமுன், அது அகழாய்வில் கிடைத்ததா, சந்தையில் வாங்கியதா என்று பாருங்கள்.

7. யூதர்கள் தங்களுக்குள் நடத்திய விவாதத்தைத் தவறவிடாதீர்கள்

நான் கடைசியாகச் செய்து, முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று வருந்தியது இது. செஃபாரியாவில், யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் பாபா பத்ரா 14பி, 15ஏ பக்கங்களைத் திறவுங்கள். ஒரு மாலை போதும். எந்த நூலை யார் எழுதினார் என்று ரபிகள் அங்கே பட்டியலிடுகிறார்கள். ஏசாயா நூலை எழுதியவர்களாக அங்கே சொல்லப்படுவது எசேக்கியாவும் அவன் கூட்டத்தாரும். மோசேயின் மரணத்தைச் சொல்லும் உபாகமத்தின் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினான் என்கிறார் ஒருவர்; கடவுள் சொல்லச் சொல்ல மோசேயே கண்ணீரோடு எழுதினான் என்கிறார் மற்றொருவர். 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்னு எஸ்ரா, "அக்காலத்திலே கானானியர் தேசத்தில் இருந்தார்கள்" என்ற ஆதியாகமம் 12:6-க்கு எழுதும்போது, இதில் ஒரு மறைபொருள் இருக்கலாம், விவரம் அறிந்தவன் மௌனமாக இருப்பான் என்று நிறுத்திக்கொள்கிறார். கானானியர் இல்லாமற்போன காலத்தில் நின்று எழுதியவரின் வரியல்லவா அது என்பதே அந்த மறைபொருள் என்று தத்துவவாதி ஸ்பினோசா 1670-இல் வெளிப்படையாக எழுதினார்.

இதைப் படித்தபின் பேசும் தொனி மாறும். இந்த நூல்கள் இன்றும் ஒரு மக்களின் வழிபாட்டில் ஒவ்வொரு வாரமும் வாசிக்கப்படுபவை. 1903-இல் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர், வேத விமர்சனம் என்ற பெயரில் யூத வெறுப்பு நுழைவதாகக் குற்றம் சாட்டினார். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வில் பிற்கால யூத சமயத்தை உயிரற்ற சட்டமாகச் சித்திரித்த பகுதிகளைப் படிக்கும்போது அவர் கோபம் புரிகிறது. மூலப் பிரிப்பை ஏற்பவர்களும் அந்த மதிப்பீட்டை மேற்கோளாகச் சுமந்துவர வேண்டியதில்லை.

8. விவாதத்துக்குப் போகும்போது கையில் ஒரே தாள்

ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். தாளின் மேலே, மூன்று கேள்விகளில் எது என்று எழுதுங்கள். கீழே வசனம், பிறகு மசோரெத், எழுபதின்மர், கும்ரான் ஆகிய சாட்சிகள் சொல்வது, ஒவ்வொன்றின் காலம், இரு தரப்பின் வலுவான வாதம். இந்தத் தாளைத் தயாரிக்க எனக்கு இப்போது 4 மாலைகள் ஆகின்றன. முதல் தாளுக்கு 3 வாரம் ஆனது.

முதல் தாளுக்கு வெள்ளக் கதை நல்லது. தானியேலை முதலில் எடுக்காதீர்கள். அதில் 2:4-இன் நடுவிலிருந்து 7-ஆம் அதிகார முடிவு வரை அரமேயம்; அதன் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்பவர்களும், கிரேக்க அரசன் அந்தியோக்கு எப்பிபானேசு யூதர்களுக்குச் செய்த துன்புறுத்தல் நடந்த கி.மு. 167–164 என்பவர்களும் ஒரே கும்ரான் துண்டுகளைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். இரண்டு மூன்று தாள்கள் தயாரித்தபின் அங்கே போகலாம்.

நான் அந்த நான்கு வண்ணத் தாள்களோடு மறுபடி வாசிப்பு வட்டத்துக்குப் போனபோது, அதே போதகர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு 7:16-இல் விரலை வைத்து, "இங்கே இரண்டு வண்ணமும் இருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வாசிப்புகளையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அன்று இரவு 9 மணி வரை அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.